திருச்சி – சிங்கப்பூர்: போக ஆறே முக்கால் மணி, வர ஒன்றே முக்கால் மணியா?

பாமணிக்கரை | திங்கள், இரவு 8.52

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அத்தை முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறார்கள். மகள் சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறாள்; பேறுகாலத்துக்குத் துணையாகப் போகிறார்கள். மன்னார்குடியிலிருந்து திருச்சிக்கு அழைத்துப் போய் ஏற்றிவிடும் பொறுப்பு என் தலையில். டிக்கெட் கைக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே சண்டை.

போகும்போது திருச்சியில் நள்ளிரவு 12.40க்குக் கிளம்பி, காலை 7.25க்குச் சிங்கப்பூர். ஆறே முக்கால் மணி. திரும்பும்போது அங்கே இரவு 8.50, இங்கே இரவு 10.35. ஒன்றே முக்கால் மணி. இடையில் நேர வித்தியாசம் இருக்கிறது என்பது தெரியும். எவ்வளவு என்பதில்தான் தகராறு. சிங்கப்பூரில் பல காலம் கடை வைத்திருந்த தாத்தா, "இரண்டு மணி நேரம்தான், எனக்கே சொல்லித் தருகிறாயா" என்கிறார். கைப்பேசி இரண்டரை என்கிறது. தாத்தா கணக்கில் போக 4.45, வர 3.45 ஆகிறது. ஒரே தூரத்துக்கு அப்படி வருமா?

வருமோ என்றும் ஒரு சந்தேகம். போன ஆடியில் சித்தப்பா வந்த விமானம் குறித்த நேரத்துக்கு ஏறக்குறைய அரைமணி முன்பே இறங்கிவிட்டது. அழைக்கப் போன கார் அப்போதுதான் துவாக்குடி தாண்டிக்கொண்டிருந்தது.

உண்மையான தூரம் எவ்வளவு, வானத்தில் எவ்வளவு நேரம், நாங்கள் வீட்டைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

திருவெறும்பூர்_வாசி | திங்கள், இரவு 9.05

கைப்பேசி சொல்வதுதான் சரி. இரண்டரை மணி நேரம். போகும்போது 6.45இல் 2.30ஐக் கழியுங்கள், 4.15. வரும்போது 1.45உடன் 2.30ஐக் கூட்டுங்கள், அதுவும் 4.15. தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர். முடிந்தது வழக்கு.

---

குடந்தை_வெற்றிலை | திங்கள், இரவு 9.31

வழக்கு முடியவில்லை ஐயா, இப்போதுதான் வாய்தா போட்டிருக்கிறது. நாலேகால் மணி என்பது பறக்கும் நேரம் அன்று.

டிக்கெட்டில் அச்சிடும் புறப்பாட்டு நேரம், விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரம் என்பது அங்கே போய் வாயிலில் நிறுத்தி வைக்கும் நேரம். நடுவில் ஓடுபாதை வரை உருண்டு போவதும், முன்னால் ஒன்று கிளம்பக் காத்திருப்பதும், இறங்கிய பிறகு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் முனையத்தைத் தேடி ஊர்வதும் இந்த நாலேகாலுக்குள்தான் வருகின்றன. சாங்கி பெரிய நிலையம். தரை தொட்ட பிறகும் பத்து நிமிடம் உருண்டுகொண்டிருந்தால் வியப்பதற்கில்லை.

இந்தத் தடத்தில் ஓடும் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 2,980ஐ 830ஆல் வகுத்தால் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. அதற்குச் சிறிது சேர்த்தால் காற்றில் இருப்பது மூன்றே முக்காலை ஒட்டி வரும். மிச்சம் தரையில் போகிறது. போதாதற்கு, தாமதப் பழி வராதிருக்கக் கால அட்டவணையிலேயே கொஞ்சம் கூட்டித்தான் போடுகிறார்கள். உங்கள் சித்தப்பா முன்னதாக இறங்கியதில் ஒரு பங்கு அதற்கும் உண்டு.

---

ஒரத்தநாட்டான் | திங்கள், இரவு 9.48

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஒரு தளத்தில் 1,850 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 1,610, இங்கே 2,980. எதை நம்புவது?

இன்னொன்று. திருச்சி தெற்கே இருக்கிறது. அப்படியென்றால் சென்னையைவிட இங்கிருந்து சிங்கப்பூர் கிட்டத்தானே? பிறகு ஏன் சென்னையிலிருந்தும் அதே நாலு மணிச் சொச்சம் காட்டுகிறார்கள்?

---

வரைபடப்பித்தன் | திங்கள், இரவு 10.40

ஒரத்தநாட்டாரே, மூன்றும் ஒரே தூரம். 2,980 கிலோமீட்டர் என்பது சாலை மைலில் சுமார் 1,850, கடல் மைலில் சுமார் 1,610. விமானிகள் கடல் மைலில்தான் பேசுவார்கள்; ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

உங்கள் இரண்டாவது கேள்வி இந்த இழையிலேயே நல்ல கேள்வி. திருச்சி தெற்கே இருப்பது உண்மை, மேற்கேயும் இருக்கிறது. சென்னை விமான நிலையம் திருச்சியைவிட ஒன்றரை பாகை கிழக்கே தள்ளி, அதாவது நூற்றறுபது கிலோமீட்டர் அளவுக்குக் கடல் பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூர் இங்கிருந்து தென்கிழக்கு என்று சொல்கிறோமே தவிர, கிழக்குதான் அதிகம், தெற்கு கொஞ்சம். கணக்குப் போட்டால் சென்னை–சிங்கப்பூர் சுமார் 2,925 கிலோமீட்டர், திருச்சி–சிங்கப்பூர் சுமார் 2,980. சென்னைதான் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் கிட்ட.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். திருச்சி நிலையத்திலிருந்து சாங்கிக்கு உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துக் கட்டினால், கிழக்கிலிருந்து பத்தொன்பது பாகை தெற்கே சாய்ந்து கிளம்புகிறது. அது எங்கெங்கே போகிறது என்று பார்த்தேன். ஒரத்தநாட்டுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தெற்கே. மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே. அப்புறம் திருத்துறைப்பூண்டி இடக்கையிலும் முத்துப்பேட்டை வலக்கையிலும் இருக்க நடுவில் புகுந்து, வேதாரண்யம்–கோடியக்கரைப் பக்கம் கடலில் இறங்குகிறது. நூற்று முப்பது கிலோமீட்டர் நிலம், அவ்வளவும் நம் டெல்டா. யாழ்ப்பாணக் கரையை ஐம்பது கிலோமீட்டர் தெற்கே விட்டுவிட்டு, அதன்பின் இரண்டு மணி நேரத்துக்குக் கீழே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. சுமத்ராவில் ஆச்சே கரை வந்த பிறகுதான் மறுபடி மண். மேடான் நகரத்தை ஒட்டிக் கடந்து மலாக்கா நீரிணையோடு சேர்ந்து இறங்கினால் சிங்கப்பூர்.

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் இந்தத் தடத்தில் பெரிய பிழை வராது. இரண்டு ஊரும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தில்லி–நியூயார்க் போன்ற வடகோடித் தடங்களில் அந்த வேலை எடுபடாது.

---

கோடிக்கரைக்காரி | திங்கள், இரவு 11.15

எங்கள் ஊருக்கு மேலேயே போகும் விமானத்தைப் பிடிக்க, நாங்கள் மட்டும் நாலு மணி நேரம் மேற்கே போய் ஏறி, மறுபடி எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலேயே திரும்பி வர வேண்டும். எங்கள் கரையிலிருந்து அளந்தால் சிங்கப்பூர் 2,850 கிலோமீட்டர்தானே வரும்?

---

வரைபடப்பித்தன் | திங்கள், இரவு 11.22

ஆமாம் அம்மா, 2,850 வரும். ஏறத்தான் வழியில்லை.

---

பழைய_விமானப்படை | செவ்வாய், காலை 6.10

நூல் பிடித்த கணக்கெல்லாம் அழகாக இருக்கிறது. விமானம் நூல் பிடித்துப் போவதில்லை.

திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது; 09, 27 என்று இரு முனைக்கும் பெயர். 09இல் கிளம்பினால் மூக்கு கிழக்கே, 27இல் கிளம்பினால் மேற்கே. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேலைக்காற்று அடிக்கும்போது சிங்கப்பூர் விமானம் முதலில் கரூர்ப் பக்கம் பார்த்து ஏறி, அதன்பிறகே வளைந்து கிழக்கே திரும்பும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் நேரே கிழக்கே எழும்பிவிடலாம். ஏறின பிறகும் வான்வழித் தடங்கள் குறித்து வைத்த புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போகும். அந்தப் பக்கம் சாங்கியில் நெரிசல் என்றால் சிறிது வட்டமடிக்கவும் சொல்வார்கள். ஆக 2,980 என்பது குறைந்தபட்சம். உண்மையில் பறக்கும் தூரம் அதைவிடக் கூடத்தான் இருக்கும், குறையாது.

---

திருவையாறு_ஐந்தாறு | செவ்வாய், காலை 7.44

எனக்கு ஒன்று இடிக்கிறது. ஆடியில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அப்படியென்றால் சிங்கப்பூருக்குப் போகும் விமானத்தைத்தான் அது பின்னாலிருந்து தள்ள வேண்டும். வரும் விமானம் எதிர்க்காற்றில் திணற வேண்டும். பாமணிக்கரையின் சித்தப்பா ஆடியில் அரைமணி முன்னதாக வந்தார் என்றால் கதை தலைகீழாக இருக்கிறதே. மாதம் மாறிச் சொல்கிறாரோ?

---

பாமணிக்கரை | செவ்வாய், காலை 8.02

மாதம் மாறவில்லை ஐயா. ஆடிப்பெருக்குக்காகவே வந்தார். கல்லணையில் திறந்த தண்ணீர் பாமணியில் ஓடிக்கொண்டிருந்தது.

---

மழைமானி | செவ்வாய், காலை 9.20

இந்த இழைக்கு நான் வந்ததே இதற்காகத்தான்.

திருவையாற்றார் சொல்லும் காற்று தரையில் நாம் காணும் காற்று. வாழைத் தாரைச் சாய்ப்பதும், வெற்றிலைக் கொடிக்காலை உலுக்குவதும், புழுதி கிளப்புவதும் அதுதான். தென்மேற்குப் பருவக்காற்றின் இந்த மேலைப் பாய்ச்சல் ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தோடு ஓய்ந்துபோகும். சிங்கப்பூர் விமானம் பறப்பது பத்தரை, பதினோரு கிலோமீட்டர் உயரத்தில். அங்கே ஆடி மாதத்தில் காற்று நேர் எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. சாதாரண ஓட்டமும் இல்லை. கோடைக்காலத்தில் திபெத் பீடபூமி சூடேறி, அதற்கு மேலே உயரத்தில் ஒரு பெரிய உயரழுத்தம் உட்கார்ந்துகொள்கிறது. அதன் தெற்கு விளிம்பை ஒட்டி, தென்னிந்தியாவுக்கும் வங்கக் கடலுக்கும் மேலாக, ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை கிழக்கிலிருந்து ஒரு ஜெட் காற்று ஆப்பிரிக்கா வரைக்கும் பாய்கிறது. அதன் உச்ச வேகம் விமானம் போகும் மட்டத்துக்கும் மேலே பதினான்கு கிலோமீட்டர் வாக்கில் இருந்தாலும், விளிம்பு விமானத்துக்குக் கிடைக்கும். இந்திய வானிலை அறிவியலாளர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் இந்தக் காற்றை விரிவாக ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார்.

கணக்குக்காக, மேலே 60 கிலோமீட்டர் வேகத்தில் கீழைக்காற்று என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து வரும் விமானம் தரையைப் பொறுத்தவரை 830 கூட்டல் 60, அதாவது 890. மூன்று மணி இருபத்தொரு நிமிடம். இங்கிருந்து போவது 770. மூன்று மணி ஐம்பத்திரண்டு. அரைமணி வித்தியாசம் அங்கேயே வந்துவிட்டது.

பழைய விமானப்படை ஐயா சொன்னதையும் இதோடு சேருங்கள். ஆடியில் வருகிற விமானம் மேற்கு பார்த்து இறங்க வேண்டும். அது வருவதே கிழக்கிலிருந்து. எனவே வளையாமல் கொள்ளாமல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நேரே வந்து தரை தொடும். போகிற விமானமோ மேற்கே ஏறி வளைய வேண்டும். ஒரே மாதத்தில் போகிறவருக்கு இரண்டு செலவு, வருகிறவருக்கு இரண்டு வரவு.

கார்த்திகை, மார்கழியில் இந்தக் கீழை ஜெட் இருக்காது. வட இந்தியாவுக்கு மேல் அப்போது பலத்த மேலை ஜெட் ஓடும். நம் தடம் அதற்கு வெகு தெற்கே கிடப்பதால் அது இந்த விமானத்தைத் தொடுவதில்லை. அந்த மாதங்களில் போக்கும் வரவும் ஏறக்குறையச் சமம்.

---

திருவையாறு_ஐந்தாறு | செவ்வாய், காலை 9.41

கீழே ஒரு காற்று, மேலே அதற்கு எதிராக ஒரு காற்று. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விமானத்துக்குள் இருக்கும் திரையில் சில சமயம் 900க்கு மேல் காட்டுகிறதே, அது இந்தத் தள்ளுதல்தானா?

---

மழைமானி | செவ்வாய், காலை 9.50

அதுவேதான். திரையில் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். இயந்திரம் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

---

பஞ்சாங்கம்_பார்ப்பவர் | செவ்வாய், காலை 11.30

பாமணிக்கரையின் தாத்தாவை எல்லோரும் சேர்ந்து கவிழ்த்துவிட்டீர்கள். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் அங்கே இருந்த காலத்தில் வித்தியாசம் இரண்டு மணி நேரமேதான்.

சிங்கப்பூர் கடிகாரம் பல தடவை மாறியிருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரத்தையே வைத்திருந்தார்கள். போர் முடிந்த பிறகு கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னதாக ஓடிற்று. நம்முடையது ஐந்தரை. கழித்தால் இரண்டு. பிறகு மலேசியா தன் கிழக்கு, மேற்குப் பகுதிகளை ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தபோது சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. 1982 ஜனவரி 1 பிறக்கும்போது கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி எட்டு மணிக் கணக்குக்குப் போனார்கள். அன்றிலிருந்து இரண்டரை. தாத்தா அதற்கு முன்பே ஊர் திரும்பியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

சூரியனைக் கேட்டால் அது மூன்றாவதாக ஒரு கணக்குச் சொல்லும். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகையில் இருபத்தைந்தே கால் பாகை வித்தியாசம். பாகைக்கு நாலு நிமிடம். ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம்தான் வருகிறது. மீதி நாற்பத்தொன்பது நிமிடமும் மனிதர்கள் வைத்த கடிகாரத்தின் வேலை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது என்பதற்குக் காரணம் இதுவே. அத்தை அங்கே ஐந்தரைக்கு எழுந்து கோலம் போடலாம் என்று பார்த்தால் கும்மிருட்டாக இருக்கும்.

கேட்காமலே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது கேட்பீர்கள். ராகு காலம் அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்தை வைத்தது. கும்பகோணம் பஞ்சாங்கத்து மணியை அப்படியே எடுத்துப் போய்ச் சிங்கப்பூரில் பார்க்கக் கூடாது. இரண்டரை மணி கூட்டியும் பார்க்கக் கூடாது. அங்கே அச்சாகும் நாட்காட்டியைப் பாருங்கள்.

---

பாமணிக்கரை | செவ்வாய், பகல் 1.05

கேட்டேன். 1979இல் வந்துவிட்டாராம். உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். "இப்போதாவது ஒத்துக்கொண்டார்களே" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டார். வீட்டில் இனி ஒரு வாரத்துக்கு அவரிடம் பேச முடியாது.

---

நாகை_கலங்கரை | செவ்வாய், பிற்பகல் 3.18

மூன்றே முக்காலா, நாலேகாலா என்று நிமிடக் கணக்குப் பார்க்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் நாள் கணக்குச் சொல்வார்கள்.

ரஜூலா என்ற கப்பல் 1926இல் கட்டியது. சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிப் பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) வழியாகச் சிங்கப்பூர் போகும். ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எங்கள் கரையில் கப்பல் அணையும் அளவுக்கு ஆழம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அலை தூக்கிக் கொடுக்கும் நேரம் பார்த்துப் படகிலிருந்து கப்பல் படிக்குத் தாவ வேண்டும். டிரங்குப் பெட்டி, கூடை, கைக்குழந்தை எல்லாம் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும். 1970களின் தொடக்கத்தில் ரஜூலா ஓய்ந்தது. அப்புறம் எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தே நின்றுபோயிற்று.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஓடுகிறதே, 2023 அக்டோபரில் தொடங்கியது, அதற்கு ஆகும் நேரம் எவ்வளவு தெரியுமா? சுமார் நாலு மணி நேரம். தூரம் 110 கிலோமீட்டர். அத்தை சிங்கப்பூரில் இறங்கும் நேரத்தில் நான் காங்கேசன்துறையில் இறங்குவேன். அதுவும் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கிடையாது.

---

குடந்தை_வெற்றிலை | செவ்வாய், மாலை 4.02

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் என்றால் 420 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள் கலங்கரையாரே.

---

கடாரங்கொண்டான்_ரசிகர் | செவ்வாய், மாலை 5.26

இதையெல்லாம் விடுங்கள். 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் இதே கடலைப் பாய்மரத்தில் கடந்து கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் வென்றான். அன்றே நாம் ஆச்சே கரையை எட்டியவர்கள். அதை விட்டுவிட்டு ஏ320, போயிங் என்று…

---

மழைமானி | செவ்வாய், மாலை 5.40

அவர்களும் காற்றைக் கேட்டுத்தான் கிளம்பினார்கள் ஐயா. போகும் பருவம் ஒன்று, திரும்பும் பருவம் ஒன்று. நடுவில் மாதக்கணக்கில் காத்திருப்பு.

---

நெறியாளர் | செவ்வாய், மாலை 6.15

சோழர் கடற்படைக்கு வரலாறு பகுதியில் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். கேட்டவர் இன்னும் வீட்டைவிட்டு எப்போது கிளம்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

---

வாடகைக்கார்_வலங்கைமான் | செவ்வாய், இரவு 8.30

இது என் தொழில், நான் சொல்கிறேன்.

முதலில் தேதி. 12.40 என்பது நள்ளிரவு தாண்டிய நேரம். டிக்கெட்டில் 15ஆம் தேதி என்று போட்டிருந்தால் நீங்கள் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி சாயங்காலம். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் 15ஆம் தேதி இரவு மாலை மரியாதையோடு வழியனுப்பப் போய், விமானம் போய் ஒரு நாள் ஆகிவிட்டது என்று தெரிந்து திரும்பி வந்தது. மாலையைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்று சமயபுரத்தில் சாத்திவிட்டு வந்தார்கள்.

அடுத்து, நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னால் இருங்கள். முதல் தடவைப் பயணம், பெரியவர், தனியாகப் போகிறார். பெட்டி போடும் இடத்தை வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். புதிய முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது. இடம் தாராளம், ஆனால் இரவில் பல வெளிநாட்டு விமானங்கள் ஒன்றை ஒட்டி ஒன்று கிளம்புகின்றன; வரிசை அப்போது நீளும். அதனால் 9.40க்கு அங்கே.

மன்னார்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் 95 கிலோமீட்டர் வாக்கில். கைப்பேசி இரண்டு மணி நேரம் என்று காட்டும்; நம்பாதீர்கள். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு நாலுவழிச் சாலை, அதில் எண்ணெய் வழுக்கியதுபோல் போய்விடலாம். சிக்கல் தஞ்சாவூர் வரைக்கும்தான். வடுவூர் வழி இரவில் ஏரிக்கரை வளைவுகள். ரயில் கேட் மூடினால் அது திறக்கும் நேரம் அதன் விருப்பம். எந்த மாதம் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. தை, மாசி என்றால் சம்பா அறுப்பு. பாதிச் சாலையில் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினாலும் கல்லை மட்டும் எடுக்க மாட்டார்கள். இருட்டில் அந்தக் கல்லில் டயர் ஏறினால் உங்கள் நாலேகால் மணிக் கணக்கு காற்றோடு போயிற்று. கொள்முதல் நிலைய வாசலில் லாரிகளும் டிராக்டர்களும் சாலையில்தான் நிற்கும்.

இரண்டே முக்கால் மணி, அதற்கு மேல் ஒரு பத்து நிமிடம் வையுங்கள். மாலை 6.45க்கு வீட்டில் கிளம்புங்கள். அத்தைக்கு வீட்டிலேயே இரண்டு இட்லி கொடுத்துவிடுங்கள். வழியில் ஹோட்டலில் நிறுத்தினால் கூட வருகிற அத்தனை பேரும் சாப்பிட உட்காருவார்கள்.

---

கோடிக்கரைக்காரி | செவ்வாய், இரவு 8.55

அப்படியென்றால் எங்களுக்கு?

---

வாடகைக்கார்_வலங்கைமான் | செவ்வாய், இரவு 9.01

வேதாரண்யம் என்றால் பகல் சாப்பாடு முடிந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் கிளம்புங்கள் அக்கா. ஐந்து மணிக்கு மேல் தாமதிக்காதீர்கள்.

---

செங்காங்_மருமகள் | செவ்வாய், இரவு 10.20

இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை. விசா வேறு, இது வேறு. அத்தைக்கு ஆங்கிலம் வராது என்றால் நீங்களே நிரப்பி ஒரு படி அச்செடுத்துக் கைப்பையில் வைத்துவிடுங்கள். மகள் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதித் தாருங்கள். சாங்கியில் அறிவிப்புப் பலகைகளில் தமிழும் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

7.25க்கு விமானம் நின்றால் குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர எட்டரை வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து செங்காங் கிட்டத்தான். ஒன்பது மணி சுமாருக்கு வீடு. உங்கள் ஊரில் அப்போது காலை ஆறரை. ஆக முந்தைய நாள் மாலை 6.45இலிருந்து காலை 6.30 வரை, வாசலுக்கு வாசல் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாலேகால் என்று நினைத்துக்கொண்டு அத்தையைப் புறப்படச் சொல்லாதீர்கள், இரவுத் தூக்கம் முழுதும் போகும்.

இருக்கை தேர்ந்தெடுக்க முடிந்தால் இடதுபக்க ஜன்னல். ஆச்சே தாண்டிய பிறகு கிழக்கு வெளுக்கும். ஆடி, ஆவணியில் சூரியன் இடதுபக்கம்தான் எழும். மார்கழி என்றால் விமானத்துக்கு நேர் முன்னால் எழும், விமானிக்கு மட்டும்தான் தெரியும்.

---

பாமணிக்கரை | புதன், காலை 7.12

எல்லோருக்கும் மிக்க நன்றி. பயணம் ஆவணியில். மாலை 6.45 என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். 6.30 என்று சொன்னால்தான் 6.45க்குக் கிளம்புவோம் என்று அம்மா திருத்தியிருக்கிறார்.

---

ஒரத்தநாட்டான் | புதன், காலை 9.33

கடைசியாக ஒன்று. என் மைத்துனன் கோலாலம்பூரில் இருக்கிறான். அது சிங்கப்பூரைவிடக் கிட்டமா, தூரமா? நேர வித்தியாசம்?

---

வரைபடப்பித்தன் | புதன், காலை 10.04

கிட்டம். திருச்சியிலிருந்து சுமார் 2,690 கிலோமீட்டர். சிங்கப்பூரைவிட 290 குறைவு. பறப்பதில் இருபது நிமிடம் மிச்சம். நேர வித்தியாசம் அதே இரண்டரை. ஆனால் அந்த விமான நிலையம் சிப்பாங்கில், ஊருக்கு வெளியே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. சாங்கியோ நகர மையத்திலிருந்து இருபதுக்குள். மைத்துனர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள். கிள்ளான் பக்கம் என்றால் ஒரு கணக்கு, ஈப்போ சாலைப் பக்கம் என்றால் வேறு கணக்கு.